டிரெட்மில்லா, படுத்து மிதிக்கும் சைக்கிளா, ஊசியா: ஸ்ட்ரெஸ் எக்கோவுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அப்பாவுக்கு 61 வயது. பல வருடமாகச் சர்க்கரை, வலது முழங்காலில் தேய்மானம். மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறது என்று டிஎம்டி, அதாவது டிரெட்மில்லில் நடக்கவைத்து ஈசிஜி எடுக்கும் பரிசோதனை, பார்த்தீர்கள். 5 நிமிடம் 10 விநாடியில் முழங்கால் தாங்கவில்லை என்று இறங்கிவிட்டார். அதுவரை ஏறிய நாடித்துடிப்பு 118. ‘முடிவு சொல்ல இயலவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் ஸ்ட்ரெஸ் எக்கோ, அதாவது இதயத்துக்கு வேலை கொடுத்து அல்ட்ராசவுண்டில் படமெடுக்கும் பரிசோதனை, எழுதிக் கொடுத்தார். ஒரு மருத்துவமனையில் டிரெட்மில்லில் நடக்கவைத்து உடனே படுக்கவைத்து எடுப்போம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் படுத்தபடியே சைக்கிள் மிதிக்கிற கட்டில் இருக்கிறது, மூன்றாவது இடத்தில் ஊசி போட்டே செய்துவிடலாம் என்கிறார்கள். இவற்றில் எது நல்லது, எம்ஆர்ஐயில் எடுத்தால் இன்னும் தெளிவாக இருக்காதா என்று கேட்கிறீர்கள். கேள்வி கருவியைப் பற்றியதாக இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: அப்பாவின் இதயத்துக்கு முழு வேலை கொடுத்து, அது வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் அதைப் படமெடுக்க எந்த வழி அவருக்குச் சரிப்படும் என்பது.

நான் டாக்டர் இல்லை. மதுரைப் பக்கம் இதய நோய்ப் பிரிவில் 18 வருடமாக டெக்னீஷியன். டிஎம்டி அறையில் 6 வருடம், அதன்பின் எக்கோ அறை. படத்தைப் பார்த்து முடிவு சொல்வது டாக்டர்; நோயாளியை ஏற்றுவது, இறக்குவது, ஈசிஜி வயர்களை (லீட்) மார்பில் ஒட்டுவது, வேகம் கூட்டுவது, எக்கோ படமெடுக்கும் ப்ரோப் கருவியை டாக்டர் மார்பில் வைக்கும்போது கூடவே நிற்பது எங்கள் வேலை. ஆகவே இயந்திரத்தைப் பற்றியும் அந்த அறையில் நடப்பதைப் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். அப்பாவுக்கு அடைப்பு இருக்கிறதா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுக்கினால், அல்லது முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வலி வர ஆரம்பித்தால், எந்த ஸ்ட்ரெஸ் டெஸ்டுக்கும் காத்திருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அந்த நிலையில் இருப்பவரை நடக்கவைப்பதும் மிதிக்கவைப்பதும் ஆபத்து.

முதல் டிஎம்டி ஏன் பயன்படவில்லை என்று பார்ப்போம். 220-லிருந்து வயதைக் கழித்தால் உத்தேசமான உச்சத் துடிப்பு கிடைக்கும், அப்பாவுக்கு 159. அதில் 85 சதவீதமாவது ஏற வேண்டும் என்பது வழக்கம், அதாவது 135. அவர் ஏறியது 118, நூற்றுக்கு 74. இதயம் பாதி மலை ஏறியதும் திரும்பிவிட்டது. மேலே என்ன இருந்தது என்று ஈசிஜிக்குத் தெரிய வழியில்லை. அன்று காலை பிபி மாத்திரை போட்டுவிட்டுத்தான் போனார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது மெட்டோப்ரோலால், அடினோலால் போன்ற மாத்திரையாக இருந்தால் துடிப்பை ஏறவிடாமல் அதுவே பிடித்து வைத்திருக்கும். முழங்கால் ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். அடுத்த பரிசோதனைக்கு முன் அந்த மாத்திரையை நிறுத்துவதா, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். சிலருக்கு அதுவே நெஞ்சுவலியைக் கிளப்பிவிடும். ஏற்கெனவே அடைப்பு உறுதியானவர்களுக்கு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பரிசோதனை செய்யச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. மருந்து எந்த அளவுக்குக் காக்கிறது என்று பார்ப்பதற்காக அது.

ஈசிஜி மட்டும் போதாமல் எக்கோ எதற்கு? ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் ஓய்வில் இதயத்துக்குத் தேவையான ரத்தம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். வேலை கூடும்போதுதான் தட்டுப்பாடு. அந்தத் தட்டுப்பாடு ஒரு வரிசையில் வெளிப்படுகிறது. முதலில் அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, அடுத்து அங்குள்ள தசை தளர்ந்து விரிவதில் சுணக்கம், பிறகு சுருங்குவதில் சுணக்கம், அதற்குப் பிறகே ஈசிஜியில் கோடு இறங்கும், கடைசியில் நெஞ்சுவலி. எக்கோ இந்த வரிசையின் நடுவிலேயே பிடித்துவிடுகிறது. மற்றச் சுவர்கள் எல்லாம் தடித்து உள்ளே பாயும்போது ஒரு சுவர் மட்டும் சோம்பி நிற்பது திரையில் தெரியும். எந்தச் சுவர் என்று பார்த்து எந்தக் குழாய் என்றும் ஓரளவு ஊகிக்கலாம். ஈசிஜியால் இதைச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. வேலை நின்றதும் அந்தச் சுவர் மெல்ல மெல்லத் தேறிவிடும். அடைப்பு லேசானது என்றால் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே பழையபடி ஆடத் தொடங்கிவிடும். எந்தக் கருவி என்ற கேள்வி முழுக்க இந்த ஒன்றிரண்டு நிமிடத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.

டிரெட்மில்லில் பெரும்பாலான இடங்களில் ஓடுவது புரூஸ் முறை. அமெரிக்காவில் சியாட்டில் நகரிலிருந்த ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1963-ல் வெளியிட்டது. அதற்குமுன் ஆர்தர் மாஸ்டர் என்ற மருத்துவரின் முறைப்படி 9 அங்குல உயரப் படிகளில் ஏறி இறங்கவைத்துப் பார்த்தார்கள். புரூஸ் முறையில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் சேர்ந்தே கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீதச் சரிவு. இரண்டாவது 4 கிலோமீட்டர், 12 சதவீதம். மூன்றாவது ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். வேகம் பெரிதாகத் தெரியாது, ஆனால் முதல் கட்டமே நல்ல ஏற்றம். உங்கள் அப்பா நின்றது இரண்டாவது கட்டத்தின் நடுவில். முழங்கால் வலி உள்ளவருக்கு இந்தச் சரிவு கொடுமை. சரிவே இல்லாமல் தொடங்கும் மாற்றியமைத்த புரூஸ் முறையும் இருக்கிறது. கேட்டால் வைத்துத் தருவார்கள். கைப்பிடியில் சாய்ந்து தொங்கிக்கொண்டு நடந்தால் திரையில் காட்டும் வேலை வேறு, உடம்பு செய்த வேலை வேறு. “ஐயா, விரல் மட்டும் வைங்க, சாயாதீங்க” என்று ஒவ்வொருவரிடமும் நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

டிரெட்மில் ஸ்ட்ரெஸ் எக்கோவில் நடப்பதும் கஷ்டம்தான், ஆனால் எங்களுக்கு உயிர்நாடி அதற்கடுத்த ஒரு நிமிடம். இறங்கியதிலிருந்து 60 விநாடிக்குள், மிஞ்சினால் 90 விநாடிக்குள், வேண்டிய எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்து முடித்திருக்க வேண்டும். அதற்காக நோயாளி ஏறுவதற்கு முன்பே ஒத்திகை பார்ப்போம். கட்டில் பெல்ட்டிலிருந்து இரண்டு எட்டுக்குள் இருக்கும். எந்தப் பக்கம் இறங்குவது, எந்தக் கையை ஊன்றுவது, இடப்பக்கம் சரிந்து இடது கையைத் தலைக்குமேல் மடக்குவது என்று ஒருமுறை செய்துகாட்டச் சொல்வோம். ஓய்வில் படம் எடுத்தபோது ப்ரோப் எங்கே நன்றாக உட்கார்ந்ததோ அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு சின்னப் புள்ளி. ப்ரோப்பில் ஜெல் தடவித் தயாராக இருக்கும். நிறுத்தியதும் ஒருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் லீட் வயர்களை அள்ளிக்கொள்ள, கட்டிலில் சரித்துவிடுவோம். மார்பு ஏறி இறங்கும். மூச்சு வாங்கும்போது நுரையீரல் விரிந்து இதயத்தை மறைக்கும். படம் வரும், போகும். “மூச்சை வெளியே விடுங்க, அப்படியே நிறுத்துங்க” என்றால் பாவம், அந்த நேரத்தில் மூன்று விநாடிக்கு மேல் யாரால் நிறுத்த முடியும்? அந்த மூன்று விநாடிக்குள் இதயம் ஏழெட்டு முறை துடித்துவிடும். அதில் நல்ல துடிப்பாக இயந்திரம் சேமித்துக்கொள்ள, ஓய்வில் எடுத்ததையும் இதையும் அடுத்தடுத்த கட்டங்களில் ஒரே தாளத்தில் ஓடவிட்டு டாக்டர் ஒப்பிடுவார்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொன்னால் இந்த ஒரு நிமிடம் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். சாதாரண டிஎம்டியில் உச்சம் தொட்டதும் பெல்ட்டை ஒரேயடியாக நிறுத்தாமல் மெதுவாக ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் நடக்கவைப்போம். மயக்கம் வராமல் இருக்க அது நல்லது. ஸ்ட்ரெஸ் எக்கோவில் அந்த மெதுநடை கிடையாது. உடனே நிறுத்தி உடனே படுக்கவைக்க வேண்டும். அன்று அறைக்குப் புதிதாக வந்திருந்தவர் பழக்கத்தில் பெல்ட்டை மெதுநடையில் ஓடவிட்டுவிட்டார். 150-க்குமேல் போன துடிப்பு, டாக்டர் ப்ரோப் வைக்கும்போது 105-க்கு வந்திருந்தது. சுவர்கள் எல்லாம் அழகாக ஆடின. டாக்டர் அதை நார்மல் என்று எழுதவில்லை. துடிப்பைப் பார்த்துவிட்டு, “இது செல்லாது, இன்னொரு நாள் வரச் சொல்லுங்க” என்றார். திரும்ப எடுத்தபோது முன்சுவர் நுனியில் சுணக்கம் தெரிந்தது. ஒரே மனிதர், ஒரே இயந்திரம். இடையில் இரண்டு நிமிடம்.

படுத்து மிதிக்கும் சைக்கிளில் இந்தச் சிக்கல் இல்லை. 1979-லேயே அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஹார்வி ஃபைகன்பாம் குழுவினர், படுத்து சைக்கிள் மிதிப்பவர்களுக்கு இருபரிமாண எக்கோ எடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். இப்போதுள்ள கட்டில் இப்படி இருக்கும்: முதுகுப் பகுதி நிமிர்ந்து சாய்வுநாற்காலி மாதிரி வரும், கட்டில் முழுவதும் இடப்பக்கமாகச் சரியும், அப்போது இதயம் விலா எலும்புக்கு ஒட்டி வந்து படம் தெளியும். சரிந்தவர் விழாமலிருக்கத் தோளுக்கும் இடுப்புக்கும் முட்டு. இடது மார்புக்கு நேரே மெத்தையில் ஒரு வெட்டு, ப்ரோப் பிடித்த கை நுழைவதற்கு. கால்மாட்டில் பெடல், பாதத்தை வாரால் கட்டிவிடுவோம். உள்ளே சங்கிலியை இறுக்கும் பிரேக் கட்டை கிடையாது. ஓர் உலோகத் தட்டு மின்காந்தங்களுக்கு நடுவே சுழலும், காந்தம் அதைப் பிடித்து இழுக்கும். அந்தப் பிடியைக் கணினி கூட்டிக் குறைப்பதால், அவர் கொஞ்சம் மெதுவாக மிதித்தாலும் வேகமாக மிதித்தாலும் கொடுத்த வாட் மாறாது. நிமிடத்துக்கு 60 சுற்று வரும்படி மிதிக்கச் சொல்வோம். 25 வாட்டில் தொடங்கி இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 25 கூட்டுவோம். 70 கிலோ ஆளுக்கு 50 வாட் என்றால் ஓய்வில் செலவாகும் ஆற்றலைப்போல ஏறத்தாழ நாலு மடங்கு; 100 வாட்டில் ஆறு மடங்குக்குமேல். மிதித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுக்கலாம். எந்த வாட்டில், எந்தத் துடிப்பில் சுவர் சுணங்க ஆரம்பித்தது என்பது வரை தெரியும். அந்த ஓட்டமும் பதற்றமும் இங்கே இல்லை.

ஆனால் யார் மிதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இது. தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். ஆயுள் முழுவதும் சைக்கிள். 125 வாட்டில் பேசிக்கொண்டே மிதித்தார், “தம்பி, இன்னும் ஏத்துங்க” என்று. அதே வாரம் ஒரு பாட்டி. வாழ்நாளில் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்ததில்லை. புடவையை மாற்றி பேண்ட் போட்டு, பாதத்தைக் கட்டி, “சுத்துங்கம்மா” என்றால் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தள்ளப் பார்க்கிறார். பத்து நிமிடம் வெறும் பெடலில் பழக்கினோம். 50 வாட்டில் தொடை கடுக்கிறது என்று நின்றுவிட்டார், துடிப்பு 112. நம் ஊரில் வயதான பெண்கள் பலருக்கு இதுதான் நடக்கும். மூச்சு வாங்குவதற்கு முன்பே தொடை சோர்ந்துவிடும்.

படுத்தால் இன்னொன்றும் நடக்கிறது. காலில் தேங்கும் ரத்தம் இதயத்துக்கு எளிதாகத் திரும்பி வருவதால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் நிரம்புகிறது, சுவர்மேல் இழுவிசை கூடுகிறது, ரத்த அழுத்தமும் சற்று மேலே போகும். ஆகவே நின்று நடப்பதைவிடக் குறைந்த துடிப்பிலேயே ரத்தத் தட்டுப்பாடு வெளிப்படக்கூடும். அதே நேரத்தில் எட்டும் உச்சத் துடிப்பு டிரெட்மில்லைவிடக் குறைவாகவே இருக்கும். ஒன்று கூட்டுகிறது, ஒன்று குறைக்கிறது. இதுவரை சொன்னது உடலியங்கியல், இதில் சந்தேகமில்லை. அப்படியானால் அடைப்பைக் கண்டுபிடிப்பதில் கடைசியில் எது மேல் என்றால், அங்கே என்னால் அடித்துச் சொல்ல முடியாது. உச்சத்திலேயே படம் எடுப்பதால் சைக்கிளில் லேசான சுணக்கங்களும் தப்பாமல் சிக்குகின்றன என்பது நான் பார்த்தது. நன்றாக நடக்கக்கூடியவரை, நல்ல கைகள் இருக்கிற இடத்தில் டிரெட்மில்லில் ஏற்றினால் அதுவும் சளைக்காது. கருவிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைவிட அறைக்கு அறை உள்ள வித்தியாசம் பெரிது என்பது என் கணிப்பு.

சைக்கிள் கட்டிலுக்கு ஈடே இல்லாத இடம் ஒன்று உண்டு, வால்வு நோய். உங்கள் அப்பாவுக்குத் தொடர்பில்லாவிட்டாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்கள் நம் பக்கம் இன்னும் வருகிறார்கள். சித்தாள் வேலைக்குப் போகும் 28 வயதுப் பெண் ஒருவர். சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறினால் மூச்சு முட்டுகிறது என்றார். ஓய்வில் எடுத்த எக்கோவில் சுருக்கம் நடுத்தரம்தான். வால்வுக்கு இரண்டு பக்கத்துக்கும் இடையிலான சராசரி அழுத்த வித்தியாசம் 6 மில்லிமீட்டர் பாதரசம். “நான் பொய் சொல்றேன்னு வீட்டுல நினைக்கிறாங்க சார்” என்றார். 50 வாட்டில் அந்த 6, 18 ஆனது. நுரையீரல் குழாயில் அழுத்தம் இரண்டு மடங்கு ஏறியது. திரையை அவர் பக்கம் திருப்பி டாக்டர் காட்டினார். டிரெட்மில்லில் இறங்கிப் படுத்துத் துடிப்பு குறையக் குறைய அந்த எண்ணும் இறங்கிவிடும். மிதிக்கும்போது பார்த்ததால் பிடிபட்டது. இதற்கு நேர்மாறாக, இதயத்தசை தடித்து ரத்தம் வெளியேறும் பாதையை அடைக்கும் நோயில் படுத்தால் இதயம் நிரம்பி அடைப்பு குறைந்துவிடக்கூடும். அவர்களை நிற்கவைத்து நடக்கவைப்பதே மேல். எல்லாவற்றுக்கும் ஒரே கருவி சிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊசி வழிக்கு வருகிறேன். நடக்கவோ மிதிக்கவோ முடியாதவர்களுக்கு அது நல்ல வழி. இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம். எக்கோவில் பெரும்பாலும் டோபுடமின் என்ற, இதயத்தை வேகமாகவும் பலமாகவும் துடிக்கவைக்கும் மருந்து. உடல் எடைக்கேற்ப மிகக் குறைந்த அளவில், ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டி 40 வரை கொண்டுபோவார்கள். அதிலும் துடிப்பு ஏறாவிட்டால் அட்ரோபின் சேர்ப்பார்கள். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருந்தால் அட்ரோபின் ஒத்துக்கொள்ளாது. 61 வயதுக்காரர் என்பதால் இதை மறக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து ஏறும்போது படபடப்பு, நடுக்கம், சிலருக்குத் தலைமுடிக்குள் எறும்பு ஊர்வது போல இருக்கும். நிறுத்திய சில நிமிடங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். படம் தெளிவாக வரும், ஏனென்றால் ஆள் அசையாமல் படுத்திருக்கிறார். குறை என்னவென்றால், அவர் எவ்வளவு தூரம் நடக்கக்கூடியவர், எந்த வேலையில் வலி வருகிறது, அப்போது பிபி என்ன செய்கிறது என்ற விவரங்கள் கிடைக்காது. அந்த விவரங்கள் சில நேரம் படத்தைவிட அதிகம் பேசும். அதனால்தான் முடிந்தவர்களைக் காலால் வேலை செய்யவைப்பதே முதல் தேர்வு.

கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி இதயத்தைப் படமெடுக்கும் நியூக்ளியர் ஸ்கேனையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் இன்னமும் ‘தாலியம் டெஸ்ட்’ என்று சொல்வார்கள், பல இடங்களில் இப்போது போடுவது டெக்னீசியம். அங்கே டிரெட்மில்லின் ஒரு நிமிடச் சிக்கல் அழகாகத் தீர்ந்துவிடுகிறது. உச்சத்தில் இருக்கும்போதே கை நரம்பில் ஏற்கெனவே போட்டிருக்கும் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் வழியாக மருந்தைச் செலுத்தி, இன்னும் ஒரு நிமிடமாவது நடக்கவைப்பார்கள். அந்த நேரத்தில் எந்தத் தசைக்கு எவ்வளவு ரத்தம் போனதோ அந்த அளவுக்கு மருந்து அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், திரும்ப இடம் மாறாது. கால் மணி நேரம், அரை மணி கழித்துக் கேமராவின் கீழே படுத்தாலும் நடந்த நேரத்து நிலைமையே படமாக வரும். கதிர்வீச்சு உண்டு, செலவும் கூடுதல். முதுகு, முழங்கால் காரணமாக நடக்க முடியாதவர்களுக்கு அங்கே அடினோசின் போன்ற, குழாயை விரிக்கும் மருந்து. அதற்கு முந்தைய நாளிலிருந்தே காபி, டீ கூடாது. அவை மருந்தின் வேலையைத் தடுத்துவிடும். ஆஸ்துமா இருந்தால் அடினோசின் ஆகாது.

எம்ஆர்ஐ பற்றிக் கேட்டிருந்தீர்கள். படம் அபாரமாக வரும், உண்மை. ஆனால் அந்த அறையில் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) காந்தம் எப்போதும் விழித்திருக்கிறது. சாதாரண டிரெட்மில்லை உள்ளே கொண்டுபோனால் மோட்டாரும் இரும்புச் சட்டமும் காந்தத்தை நோக்கிப் பாயும். அதற்கென இரும்பு கலக்காத மிதிகருவிகள் செய்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் லோடே நிறுவனம் செய்வது ஒன்று. ஸ்கேனர் குழாயின் விட்டம் 60 அல்லது 70 சென்டிமீட்டர்தான், முழங்கால் மேலே இடிக்கும். அதனால் வட்டமாகச் சுழற்றாமல் மேலும் கீழுமாக மிதிக்கிற அமைப்பும் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்கேனர் மேசைக்குப் பக்கத்திலேயே வைக்கக்கூடிய, ஹைட்ராலிக்கில் ஓடும் டிரெட்மில்லை உருவாக்கினார்கள். இத்தனைக்கும் பிறகும் இரண்டு தொல்லை. உடம்பு அசைந்தால் படம் கலங்கும். காந்தப்புலத்துக்குள் ஓடும் ரத்தமே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி ஈசிஜியைக் குழப்பும், கோடு இறங்குகிறதா என்று நம்பிப் பார்க்க முடியாது. ஆகவே நீங்கள் விசாரிக்கும் இடத்தில் ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ என்றால் அநேகமாக ஊசி மருந்துதான். அப்பாவுக்கு முதல் அடியிலேயே அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. எக்கோவில் படம் சரியாகத் தெரியாதவர்களுக்கு டாக்டரே சொல்வார்.

இனி அப்பாவுக்கு எது? தீர்மானிக்க வேண்டியது முழங்கால். வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து, காலை மடக்கி நீட்டிக் காற்றில் சைக்கிள் மிதிப்பது போல ஒரு நிமிடம் செய்யச் சொல்லுங்கள். நெஞ்சில் ஏதாவது தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். முழங்கால் செங்கோணத்துக்குமேல் வலியில்லாமல் மடங்கினால், சைக்கிள் கட்டில் உள்ள இடத்தையே நான் முதலில் விசாரிப்பேன். உடம்பு எடை முழங்காலில் இறங்காது என்பது தேய்மானக்காரர்களுக்குப் பெரிய ஆறுதல். முன்பு சைக்கிள் ஓட்டியவர் என்றால் இன்னும் நல்லது. மடக்கவே வலிக்கிறது என்றால் டோபுடமின். டிரெட்மில்லில் மறுபடியும் ஏற்றி மறுபடியும் 118-ல் இறக்கிவிடுவதால் பயனில்லை. இது நான் உங்கள் எழுத்தை மட்டும் வைத்துச் சொல்வது. ஓய்வு ஈசிஜி எப்படி இருக்கிறது, முதல் எக்கோவில் என்ன இருந்தது என்று பார்த்திருக்கும் உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எந்த இடமானாலும் போனில் கூச்சப்படாமல் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். வாரத்துக்கு எத்தனை ஸ்ட்ரெஸ் எக்கோ செய்கிறீர்கள்? டாக்டர் பரிசோதனை முழுவதும் அறையிலேயே இருப்பாரா, முடிந்தபின் வந்து பார்ப்பாரா? ஷாக் கொடுக்கும் கருவி அந்த அறையிலேயே இருக்கிறதா? ரோக்மிஸ், பிளாக்பர்ன் என்ற இருவர் 1971-ல் ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஸ்ட்ரெஸ் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 10,000-க்கு ஒன்று என்ற அளவில் உயிரிழப்பு இருந்தது. மிகக் குறைவுதான், ஆனாலும் அந்த ஒன்றுக்காகத்தான் அறையில் டாக்டரும் கருவியும் வேண்டும். புதுக் கட்டில் வாங்கி மாதம் ஒன்று செய்கிற இடத்தைவிட, பழைய டிரெட்மில்லில் தினம் செய்கிற இடத்தை நான் நம்புவேன்.

நார்மல் என்று வந்தாலும் அதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு அடைப்பு இருந்தால்தான் சுவர் சுணங்கும். சின்னச் சின்னக் கொழுப்புப் படிவுகள் இந்தப் பரிசோதனையில் தெரியாது, சர்க்கரைக்காரருக்கு அவை இருக்க வாய்ப்பு அதிகம். பக்கவாட்டுச் சுவர் சிலருக்குப் படத்தில் சரியாகத் தெரியாது, அங்கே ஒரு குழாய் மட்டும் அடைத்திருந்தால் தப்பிவிடுவதும் உண்டு.

பரிசோதனை நாளில் மூன்று நான்கு மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பிட்டு முடித்துவிடட்டும். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் அன்று எப்படி எடுப்பது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் மருந்தைப் போட்டு மிதித்துச் சர்க்கரை இறங்கி மயங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். வேட்டி வேண்டாம், தொளதொளப்பான பேண்ட், முன்னால் பட்டன் வைத்த சட்டை, பின்பட்டை உள்ள காலணி. மார்பில் முடி அதிகமென்றால் லீட் ஒட்டும் இடத்தில் அங்கேயே மழித்துவிடுவார்கள். மிதிக்கும்போது நெஞ்சில், தாடையில், இடது கையில் எது தோன்றினாலும் உடனே சொல்லச் சொல்லுங்கள். நம் அப்பாக்கள் “ஒண்ணுமில்ல, பரவால்ல” என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள், அது அவருக்குத்தான் ஆபத்து என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் முதலில் உச்சத் துடிப்பு எவ்வளவு என்று பாருங்கள், 135 தொட்டிருக்கிறதா. அடுத்து எந்த வாட்டில் அல்லது எந்தக் கட்டத்தில் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள். இந்த மூன்றும் எழுதியிருக்காவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த எண்களை இங்கே போட்டால் பரிசோதனை முழுமையாக நடந்ததா என்று மட்டும் என்னால் சொல்ல முடியும்.